பெட்டைப் பிள்ளை

ஆறாவது நாயைக் கட்டும்போது கயிறு முடிந்துவிட்டது. கனகலிங்கம் குசினிச் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். முன்வளவில் மனைவி நேசமலரின் பிரேதத்தைக் குளிப்பாட்டக் கொண்டுபோகிறார்கள் என்பது பெண்களின் அழுகுரல் ஏறியதிலிருந்து தெரிந்தது. கிரியை முடியுமட்டும் ஒரு நாயும் பந்தல் பக்கம் வரக்கூடாது என்று குருக்கள் சொல்லியிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மனுசன் வந்து பாயில் இருந்த கையோடு நாயொன்று அவருடைய தர்ப்பைக் கட்டைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.

கொடியில் நேசமலரின் பழைய சேலையொன்று கிடந்தது. அதைக் கிழித்தால் இரண்டு நாய்க்குக் காணும். கையில் எடுத்தவர் திரும்பவும் கொடியிலேயே போட்டுவிட்டு, தான் இடுப்பில் கட்டும் சாரத்தை எடுத்து நீளவாக்கில் கிழித்தார். மூன்று இரவு நித்திரை இல்லை. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் கடைசி இரண்டு இரவு, பிரேதத்தோடு ஒரு இரவு. முடிச்சுப் போடும்போது எந்த முனையை எதற்குள் விடுகிறோம் என்று விரல்களுக்கே தெரியவில்லை.

கடைசியாக மிஞ்சியது சின்னது. மண்ணிறம், ஒரு காது மடிந்திருக்கும். அதைக் கிணற்றடிக் கல்லோடு கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் ஒழுங்கையில் வான் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கொழும்பு இலக்கத் தகடு. காற்சட்டையும் சப்பாத்துமாக ஒரு ஆண் இறங்கினான். பின்கதவால் ஒரு பெண் இறங்கினாள், நாற்பது வயதிருக்கும். இறங்கியவள் பந்தலையும் வாசலில் கட்டியிருந்த வாழையையும் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

ஆர் என்று ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. இன்றைக்குப் பதினெட்டாம் திகதி என்பது கனகலிங்கத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. விறகுக் குவியலில் அப்படியே இருந்துவிட்டார்.

நேசமலருக்குப் பிள்ளையில்லாத குறைக்கு நாய் வளர்க்கிறாள் என்று நெளுக்குளம் ஊரில் கதை இருந்தது. அது சுத்தப் பொய். கலியாணம் முடித்து வந்த அன்றைக்கே அவளுக்குப் பின்னால் இரண்டு நாய் வந்தது, பொம்பிளை மாப்பிளையை விட அதுகளைத்தான் சனம் பார்த்தது. சமாதானம் வந்து பூந்தோட்டம் அகதி முகாமில் கிடந்த சனம் ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கியபோது கதை பெரிதாகிவிட்டது. அவரவருக்குத் தகரமும் தடியும் ஏற்றவே லொறியில் இடமில்லை, நாயை எங்கே ஏற்றுவது? விட்டுவிட்டுப் போனார்கள். அதுகள் மன்னார் றோட்டு நெடுகத் தங்களுடைய ஆக்களைத் தேடிக்கொண்டு அலைந்தன. நேசமலர் சைக்கிளில் போய்ப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

அதில் பாதிக்கு மேல் பெட்டை. ஊரில் கடுவன் குட்டியென்றால் கேட்டு வந்து வாங்கிப் போவார்கள். பெட்டையென்றால் உரப்பையில் போட்டுச் சந்தையடியில் விட்டுவிடுவார்கள், வருசத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும், ஆர் பார்க்கிறது என்று.

பட்டாணிச்சூரில் ஹாலிதாவும் அவளுடைய தமையன் நளீரும் ஒரு கொமினிகேசன் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற இடம். பிறகு ஒரு கொம்பியூட்டரும் வந்தது. தமையன் ரெலிபோனைப் பார்ப்பான், கொம்பியூட்டர் ஹாலிதாவின் கையில். நேசமலர் ஒருநாள் சுவிசிலிருக்கும் ஒன்றுவிட்ட தம்பியோடு கதைக்கப் போனவள், இணையத்தில் சனம் காணி விற்கிறதையும் மாப்பிளை தேடுகிறதையும் ஹாலிதாவின் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, இதில் என்ர பிள்ளையளைப் போடலாமோ என்று கேட்டாள். ஹாலிதா தொழுகைக்காரி, நாயின் ஈரம் பட்டால் உடுப்பை மாற்றிக் கழுவவேண்டும். ஆனாலும் தட்டச்சில் ஈரமில்லையே மாமி என்று சிரித்துவிட்டுத் தொடங்கினாள். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நேசமலர் சொல்வாள், அவள் அடிப்பாள். கலியாணப் படப்பிடிப்புக்காரரிடம் கெஞ்சி எடுத்த படங்கள் லைனில் ஏற அரைமணித்தியாலம் எடுக்கும். பாதியில் லைன் விழுந்தால் திரும்ப முதலிலிருந்து.

நடந்ததோ நடக்கவில்லையோ என்று கேட்டால், நடந்தது. கொழும்பில் மிருகங்களுக்காக ஒரு கூட்டம் இருந்தது, மின்மடல்களை ஒருவருக்கொருவர் சுற்றுக்கு விடுகிற கூட்டம். அதில் பார்த்துவிட்டு இரண்டு பேர் வந்து கொண்டுபோனார்கள். ஒரு தொண்டு நிறுவனத்து வெள்ளைக்காரி, வேலை முடிந்து போகும்போது, நொண்டி நாயொன்றை விமானத்திலேயே தன்னுடைய நாட்டுக்குக் கொண்டுபோனாள். புலம்பெயர்ந்த சனத்தின் தமிழ்த் தளமொன்றில் போட்டதைப் பார்த்து, கனடாவிலிருந்த மகள் சொல்லிப் பக்கத்துத் தோணிக்கல்லில் இருந்த தாய் வந்து ஒன்றை எடுத்தாள். கனகலிங்கம் வாயைப் பிளந்தார். ஐந்து வீடு தள்ளியிருக்கிறவனுக்குச் சொல்ல ஒன்ராரியோவைச் சுற்ற வேண்டியிருக்கிறதே என்றார். அதற்கு நேசமலர், ஐந்து வீடு தள்ளியிருக்கிறவன் என்ர சொல்லைக் கேட்பானோ, கனடாவிலிருந்து சொன்னால்தான் கேட்பான் என்றாள்.

வினை வந்தது அந்தத் தமிழ்த் தளத்தில்தான். வைகாசியில், உரப்பையோடு கிடைத்த இந்த மண்ணிறக் குட்டிக்காக.

அந்தத் தளத்தில் அறிவித்தல் போட நாலு பெட்டி இருந்தது. மணமக்கள், வீடு காணி, தேடுகிறோம், தத்து. நாய்க்கென்று பெட்டியில்லை. தத்தில் போடுவம் என்றாள் ஹாலிதா. படம் மூன்று தரம் ஏற்றியும் ஏறவில்லை. எழுத்து மட்டும் போனது. நேசமலர் சொல்லச் சொல்ல அவள் அடித்தது இப்படி: பெட்டைப் பிள்ளை. ரெண்டு மாசம். தாய் றோட்டில் லொறி அடிச்சுச் செத்துப்போச்சு. தகப்பன் ஆரெண்டு தெரியாது. கூடப் பிறந்ததுகளை ஆக்கள் கொண்டுபோட்டினம், பெட்டையெண்டபடியா இதை மட்டும் ஒருத்தரும் எடுக்கேல்ல. நல்ல குணம். அன்பாப் பார்க்கிற ஆக்களுக்குக் குடுக்கப்படும். கீழே பெயர், விலாசம்.

நாய் என்ற சொல் அதில் இல்லை. அந்தச் சொல்லை நேசமலர் வாயால் சொல்லமாட்டாள். அது ஆக்களை ஏசுகிறதுக்கு வைத்த சொல் என்பாள். அவளுக்கு எல்லாம் பிள்ளை. ஹாலிதாவும் பிள்ளைதான், மீன்காரனும் பிள்ளைதான், நாயும் பிள்ளைதான்.

பத்து நாளில் சுவிசிலிருந்து சிவகௌரி என்றொருத்தியிடமிருந்து மடல் வந்தது. ஹாலிதா அச்செடுத்துக் கொடுத்ததை நேசமலர் ஒழுங்கை முழுக்க வாசித்துக் காட்டினாள். 'அக்கா, பெட்டை என்றபடியால் ஒருவரும் எடுக்கவில்லை என்று வாசித்துவிட்டு அன்றிரவு முழுக்க அழுதேன். எனக்கும் இவருக்கும் பெட்டைதான் வேண்டும். வேறு ஒருவருக்கும் கொடுத்துவிடாதேயுங்கோ.' உலகத்தில் இப்படியும் சனம் இருக்கிறது பார்த்தீங்களோ என்று நேசமலர் கேட்டபோது கனகலிங்கத்துக்கும் கொஞ்சம் நெஞ்சு இளகியது. சுவிசுக்குக் கொண்டுபோவோம் என்று எழுதியிருந்ததைப் பற்றி ஒருவரும் அதிசயப்படவில்லை. நொண்டி நாய் விமானம் ஏறின ஊர்தானே.

பிறகு கேள்வியும் பதிலுமாகப் போனது. பால் குடிக்குதோ? குடிக்குது, தாயில்லாதபடியா மாப்பால்தான், இப்ப சோறும் குழைச்சுக் குடுக்கிறன். இரவில நித்திரை கொள்ளுதோ? எனக்குப் பக்கத்தில படுத்தால் அழாது. வருத்தம் ஏதும்? கொஞ்சம் சொறி இருந்தது, வேப்பெண்ணெய் பூசி மாறியிட்டுது, ஊசி போட்டாச்சு. ஒரு கேள்வியிலும் பிழையில்லை, ஒரு பதிலிலும் பிழையில்லை. எங்கள் ஆக்களின் பேச்சில் பிள்ளையும் 'அழுதுது' தான், நாய்க்குட்டியும் 'அழுதுது' தான். பெட்டை என்றாலும் அப்படித்தான், அடுத்த வீட்டு மகளையும் சொல்லலாம், உரப்பையில் கிடந்ததையும் சொல்லலாம்.

ஆடி பிறந்து நேசமலருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். அந்தக் கிழமைதான் ஹாலிதா புத்தளத்தில் தாய்க்கு வருத்தம் கடுமை என்று அவசரமாகப் புறப்பட்டவள், கடைசியாக வந்த மடலை வாசிக்காமலே அச்செடுத்துப் படலையில் நின்று நீட்டிவிட்டு ஓட்டோவில் ஏறிப் போனாள். நேசமலர் கட்டிலில் கிடந்தபடி அதை வாசித்தாள். 'பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருக்குமோ அக்கா? கோட்டு அலுவலுக்குக் கொழும்பில் ஒரு சட்டத்தரணியோடு கதைத்துவிட்டோம்' என்ற இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். இதுக்கு ஆர் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எழுதுகிறது என்று கனகலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அடுத்த வரியில் தொட்டில் வாங்கியாச்சு என்று இருந்தது. அதற்கடுத்த வரியில், பத்து வருசமாகக் கோயில் கோயிலாக ஏறியிறங்கியது இருந்தது. ஆவணி பதினெட்டாம் திகதி வருகிறோம் என்று முடிந்தது.

நேசமலர் கடதாசியை மடித்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கனநேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இஞ்சேருங்கோ, இண்டைக்கே போய்ச் சொல்லிப்போடுங்கோ. அது நாயெண்டு எழுதச் சொல்லுங்கோ. மன்னிக்கச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்கோ," என்றாள். நாய் என்று அவள் சொல்லிக் கனகலிங்கம் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

அவர் அரிசி மில்லில் வேலை முடிந்து பட்டாணிச்சூருக்குப் போனார். ஹாலிதா வர எப்படியும் ஒரு மாசமாகும், அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியாது அண்ணை என்று நளீர் கையை விரித்தான். டவுனில் வேறு இரண்டு இணையக் கடை இருந்தது. சிவகௌரியின் மடல் முகவரி கடதாசியின் தலையிலேயே இருந்தது. எங்கே கொடுத்தாலும் ஐந்து நிமிச வேலை. மில்லில் நாள் முழுக்க மூட்டை நிறுத்துக் களைத்த உடம்பு வீட்டுப் பக்கமே திரும்பியது, நாளைக்குப் பார்க்கலாம் என்று. படலையைத் திறக்க முதலே நேசமலர் கேட்டாள், சொல்லியாச்சோ என்று. ஓம், போட்டாச்சு என்றார். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்துத்தான் சொன்னார்.

அடுத்தநாள் பின்னேரம் அவள், பதில் வந்ததோ என்று கேட்டாள். வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வந்தது என்றார். என்னவாம் என்றாள். கனகலிங்கம் தன் சீவியத்தில் ஒருவருக்கும் கடிதம் எழுதியவரல்ல. சைக்கிளைச் சாத்திவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னார். முதல் அழுதவாவாம், பிறகு தன்ர மடைத்தனத்தை நினைச்சுத் தானே சிரிச்சவாவாம். நீங்கள் மனம் நோகாதேயுங்கோ அக்கா, உங்கட சுகத்தைப் பாருங்கோ எண்டு எழுதியிருக்கிறா. நேசமலர் கண்ணை மூடிக்கொண்டு, பெரிய மனசு என்றாள். அன்றைக்குத்தான் அவள் ஒரு கோப்பை கஞ்சி முழுதாகக் குடித்தாள்.

அதோடு விட்டதா? ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல் என்பார்கள். நாளாந்தம் அவள் கேட்டாள், நாளாந்தம் சிவகௌரி எழுதினாள். ஹோட்டலில் வேலையாம், அங்கே இப்ப வெய்யிலாம், தங்கட வீட்டுக்கு முன்னால ஒரு ஆறு ஓடுதாம். மில்லிலிருந்து சைக்கிள் மிதித்து வரும்போதே இன்றைக்கு அந்தப் பெண் என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டு வருவார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த மூன்று கிழமையில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் நின்றபாடில்லை. துணைக்கு வந்து நின்ற அடுத்த வளவு மலையகத்துப் பேச்சியம்மா, பக்கத்துக் கட்டில்காரிக்கும் சொல்லிக்கொடுப்பாள், அக்காவுக்குச் சுவிசில் ஒரு தங்கச்சி இருக்கிறது என்று. உண்மையைப் போய்ச் சொன்னால் உண்மையான பதில் வரும். அந்தப் பதிலை அவர்தான் இந்தக் கட்டிலுக்குக் கொண்டுவர வேண்டும். அதனால் டவுன் கடைகளைத் தாண்டித் தாண்டிப் போனார்.

கடைசியாக, முந்தநாள், எங்களைப் பார்க்க வருகிறார்களாம் என்றும் சொல்லிவிட்டார். அது ஒன்றுதான் உண்மை.

"விசயம் தெரிஞ்சும் வருகினமோ?" என்று கேட்டாள் நேசமலர்.

"ஓம். உம்மைப் பார்க்கவாம்."

"வந்தால், நான் நித்திரையெண்டாலும் எழுப்பிவிடுங்கோ," என்றாள்.

விறகுக் குவியலிலிருந்து அவர் எழும்பி முன்பக்கம் போனபோது பிரேதத்தைக் குளிப்பாட்டிக் கூறைச்சேலை உடுத்திப் பந்தலுக்குள் கிடத்தியிருந்தார்கள். வந்தவள் தலைமாட்டில் இருந்தாள். செத்தவீட்டில் ஒருவரும் ஆர், எவர் என்று கேட்பதில்லை. அழுதுகொண்டு வருகிறவளுக்கு இருக்கிறவள் இடம் விட்டுக் கொடுப்பாள், அவ்வளவுதான். சிவகௌரி நேசமலரின் விறைத்த கையைப் பிடித்துக்கொண்டு, என்ர பிள்ளையைப் பார்த்த கையெல்லோ அக்கா, ஒரு கிழமை பிந்திப் போயிருக்கக் கூடாதோ என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சுற்றியிருந்த பெண்களுக்கும் அது அழுகையைக் கூட்டியது. அவளுடைய புருசன் தயாபரன் ஆண்களோடு கதிரையில் இருந்தான். கனகலிங்கம் கிட்டப் போனதும் எழும்பி இரண்டு கையையும் பிடித்தான். ஊரே எடுக்காத பிள்ளையை எடுத்து வைத்திருந்தவ, அவவை உயிரோடு பார்க்கக் குடுத்துவைக்கவில்லை அண்ணை என்றான். நல்ல மனுசன். கனகலிங்கத்துக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் குருக்கள் அவரைக் கூப்பிட்டுத் தர்ப்பை போட்டார். சுண்ணம் இடிக்க உலக்கையைக் கையில் தந்தார்கள். அவர் இடித்துக்கொண்டே கண்ணின் ஓரத்தால் பார்த்தார். சிவகௌரி எழும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குள்ளே அங்குமிங்கும் பார்க்கிறாள். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தியிடம் போய் அந்தப் பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்க்கிறாள். அந்தத் தாய் தன் பிள்ளையைத் தூக்கி மற்றத் தோளில் போட்டுக்கொள்கிறாள். பிறகு தேத்தண்ணித் தட்டோடு வந்த பேச்சியம்மாவிடம் கேட்கிறாள்.

"அம்மா, நான் சுவிசில இருந்து வாறன். பிள்ளை எங்க?"

பேச்சியம்மாவுக்குச் சந்தோசம். ஆஸ்பத்திரியில் நாள்தவறாமல் கேட்ட ஆள் அல்லவா நேரில் வந்து நிற்கிறது. "சுவிஸ் தங்கச்சியா? புள்ள பின்னாடி கெடக்கும்மா. ஐயர் கோவிச்சுக்கிட்டாருன்னு கட்டிப் போட்டிருக்கு. ராத்திரி பூரா ஒரே கத்தல். ரெண்டு தட்டுத் தட்டினப்புறம்தான் அடங்குச்சு," என்றாள்.

சிவகௌரியின் முகம் போன போக்கைக் கனகலிங்கம் பார்த்தார். கையிலிருந்த கோப்பையை நிலத்தில் வைக்கக்கூட இல்லை, அது விழுந்தது. செருப்போடு வீட்டைச் சுற்றி ஓடினாள். கனகலிங்கம் உலக்கையைக் குருக்களின் கையிலேயே கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடினார். கிரியையின் நடுவில் கடமைக்காரன் ஓடுவதை நெளுக்குளம் அன்றைக்குத்தான் பார்த்தது.

கிணற்றடியில் அவள் நின்றாள். ஆட்டுக்கொட்டிலிலும் முருங்கையிலும் தூணிலும் கட்டிக்கிடந்த நாய்கள் ஒன்றாகக் குரைத்தன. அவள் அதுகளைப் பார்க்கவில்லை. அதுகளுக்குப் பின்னால், விறகுக்குப் பின்னால், கொட்டிலுக்குள்ளே குனிந்து குனிந்து தேடினாள். "எங்க? எங்க கட்டியிருக்கிறியள்?" என்றாள். குரல் கிழிந்திருந்தது.

"பிள்ளை..." என்று கனகலிங்கம் தொடங்கினார். தன்னிலும் இளைய பெண்ணை அவர் வேறெப்படியும் கூப்பிட்டுப் பழகவில்லை. அந்தச் சொல் வாயிலேயே நின்றது. கிணற்றுக் கல்லோடு சாரத் துண்டில் கட்டுண்டிருந்த மண்ணிறக் குட்டியைக் கையால் காட்டினார். "இதுதான். நேசம் எழுதினது இதைத்தான். அவா எல்லாத்தையும் பிள்ளையெண்டுதான் சொல்லுறவா."

அவள் குட்டியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பக் குட்டியைப் பார்த்தாள். விளங்க எடுத்த நேரம் முழுவதும் அவர் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது.

"உங்கட கடைசிக் கடிதத்தில்தான் எங்களுக்கு விளங்கினது. உடன சொல்லச் சொல்லி அவா என்னை அனுப்பினவா. நான் சொல்லேல்ல. மூண்டு கிழமை இருந்தது, சொல்லேல்ல. அவாவில பிழையில்லை," என்றார்.

தயாபரன் அவளைத் தேடிக்கொண்டு வந்திருந்தான். குசினி மூலையில் நின்று கேட்டிருக்க வேண்டும். அவன் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நல்லது. "நாங்கள் என்ன விசரரோ அண்ணை? அவள் வேலையை விட்டிட்டெல்லோ வந்தவள்," என்றான். "வாரும் கௌரி, போவம்," என்று அவளுடைய தோளைத் தொட்டான்.

அவள் கிணற்றுக் கல்லில் இருந்துவிட்டாள். குட்டி வந்து அவளுடைய செருப்பு வாரை மணந்து பார்த்துவிட்டு அதன்மேல் நாடியை வைத்துப் படுத்தது. அவள் அதைத் தடவவுமில்லை, தள்ளவுமில்லை.

"சாகேக்க அவாவுக்குத் தெரியுமோ, நாங்கள் ஏமாந்துபோய் வாறமெண்டு?"

"இல்லை. நான் உங்களுக்கு எழுதிப்போட்டன் எண்டு சொன்னனான். நீங்கள் பதில் போட்டனீங்கள் எண்டும் சொன்னனான்."

"என்ன சொன்னனானாம் நான்?"

கனகலிங்கம் சொன்னார். மறைக்க இனி என்ன இருக்கிறது, தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. அழுததையும் சிரித்ததையும் சொன்னார். சுகத்தைப் பார்க்கச் சொன்னதை, குளிசையை விடாமல் போடச் சொன்னதை, ஹோட்டல் வேலையை, வீட்டுக்கு முன்னால் ஓடுகிற ஆற்றைச் சொன்னார். சொல்லச் சொல்ல அந்தப் பொய்க்காரி தனக்கு எவ்வளவு பழக்கமானவள் என்பதும், முன்னால் இருக்கிறவள் முன்பின் தெரியாதவள் என்பதும் அவருக்கே விளங்கியது. முதல் தரமாக அன்றைக்கு அழுகை வந்தது. மனைவி செத்ததற்கு வராத அழுகை.

"நான் ஹோட்டலில வேலை செய்யேல்ல," என்றாள் சிவகௌரி. "வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற இடம்."

"எனக்குத் தெரியாது. வாயில வந்ததைச் சொன்னன்."

"நம்பினவாவோ?"

"ஓம். நீங்கள் வந்தால் எழுப்பிவிடச் சொன்னவா."

தயாபரன் திரும்பவும் போவம் என்றான். இந்தமுறை எழும்பினாள். கால்களை இழுத்து இழுத்து அவனோடு வீட்டைச் சுற்றிப் போனாள். கனகலிங்கம் முகத்தைக் கழுவிக்கொண்டு பின்னால் போனார். மிச்சக் கிரியை கிடந்தது.

முன்வளவில் வாய்க்கரிசிக்கு உரித்துக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நேசமலருக்கு உரித்தென்று சொல்லப் பெரிதாக ஒருவருமில்லை. இரண்டு மச்சாள்மார் போட்டு முடிந்தது. படலைவரை போய்விட்ட சிவகௌரி அங்கேயே நின்றாள். தயாபரன் வானின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். அரிசித் தட்டத்துக்குப் பக்கத்தில் நின்ற மச்சாள்காரி, நீங்கள் செத்தவாவுக்கு என்ன முறை பிள்ளை என்று கேட்டாள், முறை தெரியாமல் அரிசி கொடுக்கக் கூடாதே.

பேச்சியம்மா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள், சுவிஸ் தங்கச்சி என்று.

சிவகௌரி ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கையை நீட்டினாள். அரிசியை வாங்கிக்கொண்டு போய், மற்றவர்கள் செய்தது போல மூன்று தரம் நேசமலரின் வாயில் போட்டாள். போட்டுவிட்டு குனிந்து அவளுடைய முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு ஒருவரையும் பாராமல் வானில் போய் ஏறிக்கொண்டாள்.

பாடை புறப்பட்டபோது வெய்யில் உச்சிக்கு வந்திருந்தது. பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். கனகலிங்கம் தோளில் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தார், பறை அவருக்கும் முன்னால். ஒழுங்கை ஒடுக்கம், இரண்டு பக்கமும் முள்வேலி. பிரேதத்தை முந்திக்கொண்டு ஒரு வாகனமும் போகாது, போனாலும் விடமாட்டார்கள். ஆகையால் கொழும்பு வான் ஊர்வலத்தின் வாலில் மாட்டிக்கொண்டு நடை வேகத்தில் ஊர்ந்து வந்தது. ஒழுங்கை முடிகிற சந்தியில் ஒரு பக்கம் திரும்பினால் டவுன், மற்றப் பக்கம் சுடலை. சந்தியோடு அவர்கள் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும். தன்னை மன்னிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. சட்டியின் சூடு தோளில் இறங்கியது. தோளில் கிடந்த துணியை மாற்றி வைக்க முடியாது, இரண்டு கையும் சட்டியில்.

சந்தியில் வைரவர் கோயில். கோயிலடியில் பறை அடிப்பதில்லை, நிறுத்திவிட்டு நடந்தார்கள். செருப்பில்லாத கால்கள் புழுதியில் வைக்கிற சத்தம் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் வானின் எஞ்சின். கொள்ளி தூக்கியவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. கனகலிங்கம் சுடலைப் பக்கம் திரும்பினார். பாடையும் சனமும் அவருக்குப் பின்னால் திரும்பின. எஞ்சின் சத்தம் ஒருகணம் நின்ற இடத்தில் நின்று இரைந்தது. பிறகு அதுவும் சுடலைப் பக்கமே திரும்பி, அதே நடை வேகத்தில், பறை மறுபடி தொடங்குமட்டும் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது.